உடப்புக் கரையிற் 'படகோட்டி'

பழைய திரைப்படமொன்றை மீண்டும் மீண்டும் காண்பதைச் சோம்பலின் விளைவென்று ஒதுக்குவோர் உளர். கதை தெரிந்தபின் காண்பதற்கு யாதுளது என்பது அவர்தம் வினா. இவ்வினா தமிழ் கற்றோரிடமிருந்து எழுதல் வியப்பே. முடிவை அறியும் ஆவலால் ஈழத்துக் கோயில்களிற் கந்தபுராணப் படிப்புக் கேட்க எவரும் சென்றதில்லை. சூரபன்மன் மாமரமாய் நின்று பிளவுபடுவான் என்பதைச் சிறுவரும் அறிவர். அறிந்தும், ஒருவர் படிக்க மற்றொருவர் பயன்சொல்ல ஆண்டுதோறும் கேட்டனர். புத்தளம் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமமாகிய உடப்பிலே திரௌபதையம்மன் விழா பாரதக் கதையை ஆண்டுதோறும் நினைவிற்குக் கொணர்ந்து தீமிதிப்பில் நிறைவுறுகின்றது. கதை தெரிந்தவர்க்கே அங்குக் காண்பதற்கு மிகுதியுண்டு. ஆகலின், மீளக்காணல் தகுமோ தகாதோ என்பது ஆராய்ச்சிக்குரியதன்று. எப்படம் மீளக்காணப்படுகின்றது, காண்பவரிடத்து அது யாது செய்கின்றது என்பனவே ஆராயத்தக்கன.

இக்கரையில் அது நிகழும் முறையை முதலிற் கவனித்தல் வேண்டும். மேல்கரையிற் கரைவலைத் தொழில் ஐப்பசியளவில் தொடங்கிச் சித்திரையளவும் நடைபெறுவது. சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும், வலை கரையேறும், தொழில் தேடிக் கீழ்கரைக்குப் பெயர்வோரும் உளர். கரையில் எஞ்சியோர்க்கு வலை பொத்துதல் நெடுநேர வேலையாகும். அவ்வேளை கண் வலையிலும் செவி திரைப்படத்திலும் இருக்கும். 1979இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் இலங்கையில் ஒளிபரப்பைத் தொடங்கின. வாடகைக்கெடுத்த வீடியோப் பெட்டியை முற்றத்தில் வைத்து, விடியுமட்டும் படங்களை அடுத்தடுத்து ஓட்டிய காலமும் வந்து போயிற்று. இன்று அப்படங்கள் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. அரங்கிற் கண்டவர் இருளில் அமர்ந்து, வேறெதுவுஞ் செய்யாது கண்டனர். வீட்டில் மீளக்காண்பவர் அவ்வாறு காண்பதில்லை. காயும் கருவாட்டைப் புரட்டப் பாதியில் எழுவர். உலை கொதித்தால் அடுக்களைக்குச் செல்வர். விருப்பமான கட்டத்தின் முதற்சொல் செவியில் விழுந்ததும் திரும்பிவந்து நிற்பர். இங்ஙனம் துண்டுதுண்டாகக் காணும்போது ஒரு படத்தில் எது நிலைக்கும், எது உதிரும்?

ஏ. பி. நாகராஜனின் இரு படங்களை ஒப்பிடின் விடை ஓரளவு புலனாகும். 'திருவிளையாடல்' (1965) செவிக்குரிய படம். தருமியாகிய நாகேஷும் இறைவனாகிய சிவாஜி கணேசனும் உரையாடும் பகுதியைத் திரையைப் பாராமலே ஒருவர் துய்க்கலாம். அதன் வசனம் இசைத்தட்டாகிக் கோயில் விழாக்களின் ஒலிபெருக்கிகளில் ஒலித்தமையே சான்று. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) அத்தகையதன்று. நாதசுரம் வாசித்தோர் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். எனினும், வாசிப்பவனாக நடிக்கும் சிவாஜியின் கன்னத்தையும் கழுத்தையும், எதிர்நின்று ஆடும் பத்மினியின் கண்ணையும் காணாதவர் பாதிப் படத்தையே பெறுவர். இப்படத்திற்கு வலையூசியைக் கீழே வைக்கத்தான் வேண்டும்.

'படகோட்டி' இவ்விரண்டினும் வேறானது. கடற்றொழிலாளரைப் பற்றிய படத்தைக் கடற்றொழிலாளரே மீளக்காணுதல் என்னும் அரிய நிலையை அஃது உண்டாக்குகின்றது. டி. பிரகாஷ் ராவின் இயக்கத்தில் 1964இல் வண்ணப்படமாக வெளிவந்தது. பாடல்கள் வாலி, இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அடுத்த ஆண்டிலே, நாவலப்பிட்டியிற் பிறந்தவராகிய எம். ஜி. இராமச்சந்திரன் கதாநாயகி சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்து சென்றார். கதை எளியது. மீனவர் இரு குலமாகப் பகைத்து நிற்கின்றனர். ஒருபுறத்து மாணிக்கமும் மறுபுறத்து முத்தழகியும் காதல் கொள்கின்றனர். பகையை வளர்த்து அதன் பயனை உண்பவன் வேடம் எம். என். நம்பியாருக்கு.

முதன்முறை காண்பவன் காதலைக் காண்பான். பத்தாம் முறை காணும் தொழிலாளன் கைகளைக் காண்பான். அவன் கண்ணுக்குப் படத்தின் பொய் தப்பாது. துடுப்பு நீரைத் தொடுகின்றது. நீர் துடுப்பைத் தடுப்பதில்லை. நாயகனின் உடையில் உப்புப் பூப்பதில்லை. கரைவலையில் இரு கயிற்றையும் பலர் பற்றி, மடி கரைசேரும்வரை நெடுநேரம் இழுத்தல் வேண்டும். அவ்விழுப்பின் தாளத்திலே பிறந்தது அம்பாப் பாடல். ஒருவன் தொடங்கப் பலர் ஏற்பர். மூச்சுவாங்கும் இடமும் அனைவர்க்கும் ஒன்றே. படத்தின் பாடல்களிலோ மூச்சு ஒருவருக்கே உரியது. டி. எம். சௌந்தரராஜனின் குரல் கூட்டத்துக்கு மேலே தனித்தெழுகின்றது. பலரின் உழைப்பு ஒருவனின் துயராகச் சுருங்கிவிட்டது.

இதனினும் பெரிய பொய் தீர்ப்பிலே உள்ளது. தீயவன் ஒருவன் வீழ்ந்தால் மீனவரின் துன்பம் தீரும் என்பது படத்தின் கூற்று. கரைவலையின் வருவாய் சம்மாட்டிக்கும் இழுத்தவர்க்கும் பங்காகப் பிரிவது. முற்பணம் பெற்றவனின் பங்கு வலை கடலில் இறங்குமுன்னரே குறைந்திருக்கும். அங்கே தீயவன் இல்லை. கணக்குப் புத்தகம் உண்டு. இதனை நன்கறிந்தவரும் அப்படத்தை விரும்புவது அறியாமையால் அன்று. அவர்தம் தொழிலின் பெயரே தலைப்பாய் நிற்க, தமிழுலகம் பெரிதும் போற்றிய நடிகர் துடுப்பைக் கையிலேந்தினார். வேறு படங்களில் மீனவன் வேடிக்கைக்கோ கூட்டத்திற்கோ உரியவனாயிருக்க, ஈண்டு அவனே தலைவன். அன்றியும், கடலிற் சென்றவன் மீளும்வரை கரையில் உள்ளோர் படும் துயரைக் கூறும் இடத்தில் படம் தன் ஒப்பனையை மறந்துவிடுகின்றது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பர். பழம்பாடல்களில் அது பெரும்பான்மையும் தலைவனைப் பிரிந்தாளின் இரங்கல்; வாலியின் பாடலில் ஓர் ஊரின் பிழைப்பே இரங்குகின்றது. பத்தாம் முறையும் உதிராது நிற்பது இப்பகுதியே.

ராமு காரியாட்டின் மலையாளப் படமாகிய 'செம்மீன்' (1965) கலையால் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. தகழி சிவசங்கரப்பிள்ளையின் நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினமையால் தமிழர்க்கும் அக்கதை அயலன்று. அதில் நீர் துடுப்பைத் தடுக்கின்றது. தீமை புறத்திருந்து வாராது, சொந்தத் தோணிக்கும் வலைக்கும் ஆசைப்பட்ட செம்பன்குஞ்ஞின் உள்ளத்திலேயே வளர்கின்றது. எனினும், கடலிற் சென்ற கணவனின் உயிரைக் கரையிலுள்ள மனைவியின் கற்பே காக்கும் என்னும் நம்பிக்கை அக்கதையின் அச்சாணி. கணவன் கடலில் இருக்க, முற்றத்திற் கருவாடு புரட்டும் பெண்ணொருத்தி அதனை நாள்தோறும் காண விரும்பாளாயின், அவளது சுவையைக் குறைகூறுதல் எங்ஙனம்?

இவ்விரண்டிற்கும் அப்பால், இலங்கையிலேயே உருவான 'வாடைக்காற்று' உண்டு. செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் 1978இற் படமாக்கினார். வாடைக் காலத்தில் வாடியமைத்துத் தொழில் செய்ய வரும் மீனவரே அதன் மாந்தர். வாடை எது, சோளகம் எது என்பதை உரையாசிரியர் துணையின்றி அறியும் மக்களுக்கு அதனினும் அண்மையான படம் வேறெது? எனினும், சென்னைப் படங்கள் வீட்டுக்குள் நாள்தோறும் வந்து சேர்வதுபோல் அது வந்து சேர்வதில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரியூட்டப்பட்டபோது இலங்கைப் படச்சுருள்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றைப் பேணும் முயற்சியும் போதியதாய் இருந்ததில்லை. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இழப்பு இருமடங்கு. அவை எண்ணிக்கையிற் சிலவே. வெளிவந்த காலத்திலும் இந்தியப் படங்களோடு அரங்குக்காகப் போட்டியிட்டவை.

மீளக்காணப்படும் படம் வீட்டுப் பேச்சிலும் உவமையிலும் கலந்துவிடும். ஒருமுறை ஓடி மறைந்த படம், எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக் கண்டவரோடு முடியும். கடலைப் பற்றிய தமிழ்ப்படம் யாதென உடப்பு இளைஞன் ஒருவனை வினவினால், அவன் 'படகோட்டி' என்றே கூறக்கூடும். 'வாடைக்காற்று' என்று கூறுவதற்கு அவன் அதனை ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டுமன்றோ?