வாசலில் நிற்கும் பதிலி: தேடுபொறியும் எழுத்துக்கூலியும்

எழுதிப் பிழைப்பது என்று யாராவது பேச்செடுத்தால் நமது சிற்றிதழ்ச் சூழலில் உடனே ஒரு முகச்சுளிப்பு எழுகிறது. சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றதைத் தியாகமாகக் கொண்டாடுகிறோம். காசு கிடைக்காமலிருப்பதே தரத்துக்கு அத்தாட்சி என்கிற அளவுக்கு அந்தக் கொண்டாட்டம் போய்விட்டது. மாதச் சம்பளம் வேறெங்கிருந்தோ (வங்கியிலிருந்து, கல்லூரியிலிருந்து, அரசு அலுவலகத்திலிருந்து) வந்துகொண்டிருந்தவர்கள் கட்டமைத்த அறம் இது என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. இந்த அறத்தின் வழியாகப் பார்த்தால், 'இன்றைய தங்கம் விலை' என்று தினமும் காலையில் வலைப்பதிவில் எழுதிப் போட்டு, அதில் வரும் விளம்பரக் காசில் வீட்டு வாடகை கட்டுகிறவர் எழுத்தாளராகவும் தெரிய மாட்டார், தொழிலாளியாகவும் தெரிய மாட்டார்.

அவரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அரியாங்குப்பத்தில், கடலூர் சாலையை ஒட்டிய ஏதோ ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் 'ஆட்சென்ஸ்' விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது 2003இல். தமிழில் வலைப்பதிவுகள் முளைத்ததும் ஏறக்குறைய அப்போதுதான். ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்கு அந்தத் திட்டம் முறையாகத் திறந்துவிடப்பட்டது 2018 பிப்ரவரியில். இடையில் ஓடிப்போன பதினைந்து வருஷம் எழுதப்பட்ட தமிழில் பெரும்பகுதி கூலியில்லாத் தமிழ். 2004இல் வந்த 'தமிழ்மணம்' திரட்டியில் புதுசாக எழுதியது மேலே வரும், பழசு கீழே இறங்கும். அங்கேயும் சண்டை சச்சரவு இருந்தது. ஆனால் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

காசு வந்த பிறகு உறவு மாறுகிறது. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் ஒரு ரகசிய எண்ணை அச்சடித்து வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். கம்பெனிக்கு இவருடைய தெருவும் கதவு எண்ணும் தெரியும். இவருக்கோ கம்பெனியில் ஒரு ஆளைத் தெரியாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த உறவு புதுசில்லை. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ஆலையில் பதிலித் தொழிலாளிகள் இருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்தில் நிற்பவர் பதிலி. வேலை உண்டா இல்லையா என்பது அன்றன்றைக்கு வாசலில்தான் தெரியும். வலைப்பதிவரும் பதிலிதான். காலையில் எழுந்ததும் வரைபடத்தைத் திறந்து பார்க்கிறார். கோடு மேலே போனால் இன்றைக்கு வேலை உண்டு. கீழே விழுந்தால் 'சைட் அடி வாங்கிடுச்சு' என்கிறார்கள். அடித்தது யார், எதற்கு அடித்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதுதான் முக்கியம். ஆலைக்கு வாசல் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதன் பிறகு 1937இல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்தப் போராட்டத்துக்கு ஒரு கேட் இருந்தது, ஒரு முதலாளி இருந்தார், அருகருகே நின்ற தோள்கள் இருந்தன. ஏ.எஃப்.டி.யையும் 2020இல் மூடிவிட்டார்கள். மாடியறையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பதிலிகள் எந்த கேட்டின் முன் கூடுவது? பக்கத்துத் தெருவில் இதே வேலை செய்கிறவர் இவருக்குத் தோழர் இல்லை. அதே சொல்லுக்கு மேலே வந்து நிற்கிற போட்டியாளர்.

விதிகள் மாறும் விதத்தைப் பாருங்கள். 2011இல் 'பாண்டா', 2012இல் 'பெங்குவின்' என்று மிருகக்காட்சிசாலைப் பெயர்கள். 2022 ஆகஸ்டில் 'பயனுள்ள உள்ளடக்கம்' என்றொரு திருத்தம், 2023 செப்டம்பரில் அதன் கடுமையான அடுத்த சுற்று. 2024 மார்ச்சில் தொடங்கிய திருத்தம் முடிய நாற்பத்தைந்து நாள் ஆனது. தரமற்ற, சொந்தமில்லாத உள்ளடக்கத்தைத் தேடல் முடிவுகளில் நாற்பது சதவீதம் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். நீ அந்த நாற்பதில் இருக்கிறாயா என்று தனித்தனியாக யாருக்கும் சொல்லவில்லை. இயந்திரம் தானாக இறக்கிவிட்டால் நோட்டீசும் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. ஃபூக்கோ விவரித்த சிறையில் கைதி, தான் எந்நேரமும் பார்க்கப்படலாம் என்று பயந்து தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வான். இங்கே பயம் தலைகீழ். எந்நேரமும் பார்க்கப்படாமல் போகலாம் என்று பயந்து எழுதுகிறவர் தன் வாக்கியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்.

அந்த ஒழுங்கு தமிழுக்குள்ளேயே இறங்குகிறது. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பற்றி நாலு நாள் விசாரித்து எழுதினால் ஆடியில் ஒரு வாரம் ஆள் வரும். தங்கம் விலைக்கும் ராசிபலனுக்கும் வேலைவாய்ப்பு அறிவிப்புக்கும் தினமும் வரும். தமிழ்ப் பக்கத்தில் காட்டப்படும் ஒரு விளம்பரத்துக்குக் கிடைப்பது, அமெரிக்காவில் ஆங்கிலப் பக்கத்தில் காட்டப்படுவதற்குக் கிடைப்பதில் சிறு பகுதி. எனவே எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டும். தேடுகிறவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார், பிழையோடு தட்டுகிறார். பதிவர் அந்தப் பிழையையும் தலைப்பில் சேர்க்கிறார். ஒரே தகவலை ஆறு பத்திக்கு இழுக்கிறார். மோசமான நடைதான், மறுக்கவில்லை. திருடிப் போடுகிறவர்களும் பொய்த் தலைப்புக்காரர்களும் இவர்களுக்குள் உண்டு. யாரையும் புனிதப்படுத்த வேண்டாம். ஆனால் இந்த நடையை உற்பத்தி செய்வது தனிமனித ரசனைக் குறைவு என்று நினைக்கிற விமர்சனம் சோம்பேறி விமர்சனம்.

தரவரிசை என்பது வெறும் கணக்கு, அதில் சாய்வு கிடையாது என்பார்கள். 1998இல் பிரின்னும் பேஜும் எழுதிய கட்டுரையில் ஒரு பக்கத்தின் மதிப்பு அதற்கு இணைப்புத் தரும் மற்ற பக்கங்களின் மதிப்பிலிருந்து வருகிறது. பெரியவர் கைகாட்டினால் நீயும் பெரியவர். இந்தத் தர்க்கத்தை அரியாங்குப்பம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் பக்கத்திலிருக்கும் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் ஓடுகளைக் கொண்டே உள்ளூர்ப் பானையோடுகளுக்கு வயது சொன்னார். ரோமாபுரியோடு இணைப்பு இருந்ததால் அந்த மேடு உலக வரலாற்றில் முதல் பக்கத்துக்கு வந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் தோண்டிய பிறகுதான், ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே ஆட்கள் குடியிருந்ததும் அது ஓய்ந்த பிறகும் தொடர்ந்து இருந்ததும் துலங்கியது. மணி கோத்தவர்களும் பானை வனைந்தவர்களும் மதிப்புப் பட்டியலில் ஏற அரை நூற்றாண்டு ஆனது.

விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று அதே கட்டுரையின் பின்னிணைப்பில் அந்த இருவரே எச்சரித்திருந்தார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தகுதியால்தான் மேலே வர முடியும் என்று மற்றவர்களுக்குப் போதிக்கிற கம்பெனி, கைபேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதலில் நிற்பதற்காக 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அதை ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். இந்தியாவில் போட்டி ஆணையம் தேடல் முடிவுகளில் சாய்வு காட்டியதற்காக 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது 2018 பிப்ரவரியில். தமிழுக்கு விளம்பரக் கதவு திறந்த அதே மாதம்! நம் கூலியும் அவர்கள் குற்றமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அதே 2024 ஆகஸ்டில், கேள்விக்கான பதிலை இயந்திரமே தொகுத்து மேலே காட்டும் முறை இந்தியாவுக்கு வந்தது, முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும். பதில் மேலேயே கிடைத்தபின் கீழே எவன் வந்து சொடுக்கப்போகிறான்?

'நல்லா எழுதினா தானா மேல வரும், பொறுத்திருங்க' என்று உபதேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பொறுத்திருக்க யாரால் முடியும்? நிலமோ சம்பளமோ சொந்தக்காரர் உதவியோ இருக்கிற சாதிகளால் முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தரவரிசையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளைத் தேடுபொறிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. போதாதுதான், ஆனாலும் மேஸ்திரிக்கு ஒரு முகம் வருகிறது. நமக்கு இங்கே 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் வண்டி ஓட்டுகிற, சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற நிறுவனங்களோடு 'உள்ளடக்க, ஊடகச் சேவைகள்' என்றும் ஒரு வரி இருக்கிறது. விளம்பரக் காசைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் தேடுபொறிக் கம்பெனி அந்த வரிக்குள் வருமா என்பதைப் புதுச்சேரியின் தொழிற்சங்கத் தோழர்கள் எழுத்து மூலமாகவே கேட்கலாம். மனுவில் கையெழுத்துப் போடத் தங்கம் விலை எழுதுகிறவரையும் கூப்பிட வேண்டும்.