பதினைந்து கேள்விகளும் எட்டு விடைகளும்

உளவியல் ஆய்வைப் பல வகையாகப் பிரிப்பார்கள். ஒன்றை மாற்றிப் பார்த்து அதனால் மற்றொன்று மாறுகிறதா என்று காண்பது சோதனை முறை. இரண்டு பொருள்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று கணிப்பது ஒட்டுறவு ஆய்வு. ஒரே மனிதரை நெடுநாள் உடனிருந்து நோக்குவது தனியாள் ஆய்வு. இவையெல்லாம் பெரும்பாலும் படித்தவர்களின் கூடத்துக்குள்ளேயே நின்றுவிடும். கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வருவது அளவாய்வுதான். ஆகவே அதைப் பற்றி மட்டும், அதிலும் ஒரேயொரு தாளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

முதியோர் மனச்சோர்வு அளவை என்பது அந்தத் தாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஜெரோம் யெசாவேஜும் அவரைச் சார்ந்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். நூறு கேள்விகளைத் திரட்டி, சலித்து, முப்பதாக்கினார்கள். 1986-இல் அதுவும் பதினைந்தாகச் சுருங்கியது. விடை 'ஆம்' அல்லது 'இல்லை', அவ்வளவுதான். சோர்வைக் காட்டும் விடைக்கு ஒரு மதிப்பெண். ஐந்துக்கு மேல் போனால் மருத்துவர் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது கணக்கு.

செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், அதை மறுக்கக் கூடாது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. வயதானால் தூக்கமும் பசியும் தாமாகவே குறையும், அதைச் சோர்வென்று எண்ணிவிடக் கூடாது என்ற கவனம் அது. ஒன்று முதல் ஐந்து வரை எண் போடச் சொல்லிக் கிழவர்களைக் குழப்பவும் இல்லை. இது நோயைக் கண்டறியும் கருவியன்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற கருவி மட்டுமே.

ஆனால் தராசு பிடித்தவனுக்கு ஒரு கேள்வி எழும். ஒரே பித்தளைக் குடத்தைப் பத்துத் தடவை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிற தராசு நம்பகமான தராசு. அது ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிராம் கூட்டிக் காட்டினால்? நம்பகம் உண்டு, ஏற்புடைமை இல்லை. ஓர் ஊரில் முத்திரை குத்திய தராசை வேறோர் ஊருக்குக் கொண்டுபோனால் மறுபடி சரிபார்த்துக்கொள்வதுதான் நல்லது.

இந்தத் தாளில் ஒரு கேள்வி, வெளியே போய்ப் புதியதாக எதையாவது செய்வதைவிட வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா என்ற கருத்தில் வருகிறது. 'ஆம்' என்றால் ஒரு மதிப்பெண். பழைய ஈடுபாடுகளில் பலவற்றை விட்டுவிட்டீர்களா என்று இன்னொன்று. அதற்கும் அப்படியே. எங்கள் சமண இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களில் திக்விரதம் என்று ஒன்றுண்டு: இந்தத் திசையில் இவ்வளவு தூரத்துக்குமேல் போகமாட்டேன் என்று தானே எல்லை கட்டிக்கொள்வது. வயது ஏற ஏறப் பொருளையும் போக்குவரத்தையும் குறைத்துக்கொண்டே வருவதுதான் அங்கே ஒழுக்கம். அப்படி வாழ்கிற ஒருவர் உண்மையைச் சொன்னால் இரண்டு மதிப்பெண் ஏறிவிடும்.

இதை வைத்து, அளவை தப்பு, நம்மவர்க்குச் சோர்வே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. விரதத்தின் மறைவில் துக்கத்தை ஒளிப்பவர்களும் உண்டு. மனைவி போனபின் கடைப்பக்கமே வராத ஒருவரை எனக்குத் தெரியும். மருமகளை அருகில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று. வாங்கிய மதிப்பெண் இரண்டோ மூன்றோ. பிறர் மெச்சும்படி விடை சொல்லும் இந்தப் பழக்கத்தை அளப்பதற்கென்றே கிரௌன், மார்லோ என்ற இருவர் 1960-இல் முப்பத்துமூன்று கூற்றுகள் கொண்ட தனி அளவையே செய்தார்கள்.

இனி விடைக்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூலில் விடை எட்டு வகை என்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. கடைசி ஐந்தும் நேராக ஆம், இல்லை என்று சொல்லாவிட்டாலும், பொருளால் விடையாகவே கொள்ளப்படும். போர் அடிக்கிறதா என்று ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 'ஏன் அடிக்காது?' என்பார், இது வினாதல். 'கண்ணு தெரியல, பேப்பர் படிக்க முடியல' என்றால் உற்றதுரைத்தல். 'பேரன் ஊருக்குப் போயிட்டா அடிக்கும்' என்பது உறுவது கூறல். 'தூக்கந்தான் வருது' என்றால் இனமொழி. நாலும் நாலு விதமான நிலைமை. ஒன்றுக்குக் கண் மருத்துவர் போதும், இன்னொன்றுக்குப் பேரன் போதும். தாளில் எல்லாமே 'ஆம்' என்ற ஒரே கட்டத்தில் போய் விழும்.

மொழிபெயர்ப்பு வேறு இருக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகளாக உள்ள உதவியின்மை, பயனின்மை, நம்பிக்கையின்மை ஆகியவை தமிழில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. முதலாவதைக் 'கதியற்றவர்' என்று பெயர்த்தால் எங்கள் வீட்டுக் கிழவி சிரிப்பாள். நாற்கதியும் அற்றுப்போவதுதானே அவள் வேண்டுவது!

இங்கே மும்பையில், எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் நடந்த ஒரு முகாமில், எழுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவரைத் தொண்டர் இந்தியில் கேட்டார், பேரன் தமிழில் சொன்னான், அம்மாள் 'எனக்கென்ன, ஏதோ இருக்கேன்' என்றார், பேரன் 'ஹாங்' என்றான். இப்படியே பதினைந்தும். மொத்தம் ஏழு. தாளைப் பார்த்த மகன் மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை. அதற்குப் பதிலாக, வந்தவாசிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு அந்த அம்மாள் ஆண்டுதோறும் தனியாக ரயிலேறிப் போவதை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அந்த அம்மாள் நிஜமாகவே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நம் சங்கமும் முதியோர் முகாம் நடத்தப்போகிறது என்று கேள்வி. கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரற்கடை வெற்றிடம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்ன விடையை அவர் சொன்ன சொல்லிலேயே அதில் எழுதிக்கொள்ளட்டும். கேட்பவர் தமிழ் பேசுகிறவராக இருக்கட்டும். வீட்டார் கொஞ்சநேரம் வெளியே டீ குடிக்கட்டும். மதிப்பெண் மருத்துவர் கைக்கு மட்டும் போனால் போதும், மகன் கைக்கு வேண்டாம்.