ஜெஃப் பக்லி: குரலும் புகழும்

ஜெஃப் பக்லி (17 நவம்பர் 1966 – 29 மே 1997) அமெரிக்க மாற்று ராக் பாடகர், கிதார் கலைஞர், பாடலாசிரியர். தம் வாழ்நாளில் அவர் முடித்து வெளியிட்ட ஸ்டுடியோ இசைத்தொகுப்பு ஒன்றே ஒன்று: 1994-ல் வந்த ‘கிரேஸ்’. அவர் வாழ்நாளில் பில்போர்டு 200 பட்டியலில் அது 149-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அவரது பெரும் புகழ் இறப்புக்குப் பின் வந்தது. அதுவும் பெரும்பாலும் இன்னொருவர் எழுதிய பாடலின் வழியாக வந்தது.

தொடக்கம்

பிறந்த ஊர் கலிபோர்னியாவின் அனஹைம். தந்தை டிம் பக்லியும் பெயர்பெற்ற பாடகர். ஆனால் மகனுடன் வாழவில்லை, 1975-ல் இறந்தார். 1991-ல் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் தந்தைக்கு நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் பாடியதே ஜெஃப் மீது கவனத்தைத் திருப்பியது.

பின்னர் நியூயார்க்கின் ‘ஷின்-ஏ’ என்ற சிறிய காப்பிக்கடையில் ஒற்றை மின்கிதாருடன் பாடினார். அவரது இசைப் பயிற்சி உண்மையில் இங்கேதான் நடந்தது எனலாம். பாப் டிலன், எடித் பியாஃப், லெட் செப்பெலின் பாடல்களுடன் நஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியையும் உருதுச் சொற்களிலேயே பாடினார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதை நீட்டி, ஏற்றி, சுற்றிவரும் கவ்வாலி முறை அவர் குரலில் நிலைத்துவிட்டது.

கிரேஸ்

தொகுப்பில் உள்ள 10 பாடல்களில் 3 பிறருடையவை. அவற்றில் ‘ஹல்லேலூயா’ லியனார்ட் கோஹன் 1984-ல் வெளியிட்டது. பக்லி பின்பற்றியது ஜான் கேல் 1991-ல் பியானோவுடன் பாடிய வடிவத்தை. ஒரு மூச்சொலியில் தொடங்கி, தனிக் கிதாருடன் ஏறத்தாழ ஏழு நிமிடம் செல்கிறது. எவ்வளவு உயரத்துக்கும் செல்லக்கூடிய குரல் அங்கே பெரும்பகுதி அடங்கியே ஒலிக்கிறது. பாடலின் வலிமை அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. இதற்கு மாறாக ‘எடர்னல் லைஃப்’ போன்ற இரைச்சல் மிகுந்த பாடலில் அவர் அந்நாளைய ராக் குழுக்களில் ஒருவராகவே தெரிகிறார். அவர் எழுதியவற்றில் ‘லவர், யூ ஷுட்வ் கம் ஓவர்’ முதன்மையானது. ‘ஹல்லேலூயா’வை மட்டும் கேட்டு நிறுத்துபவர்கள் இழப்பது இதைத்தான்.

கர்ட் கோபேன் இறந்த ஆண்டு அது. கரகரத்த குரலே நேர்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட காலத்தில் இந்த மென்மையான உச்சக்குரல் அமெரிக்க வானொலிகளுக்கு அந்நியமாக இருந்தது. பிரான்சும் ஆஸ்திரேலியாவும் அவரை முன்னதாகவே ஏற்றுக்கொண்டன.

பிற்காலப் புகழ்

மெம்ஃபிஸ் நகரில் உல்ஃப் ஆற்றில் உடையுடன் நீந்தச் சென்றபோது மூழ்கி இறந்தார். வயது 30. அது விபத்து. ஆயினும் மூன்றாண்டுகளுக்கு முன் பதிவான பாடல்களில் மரணத்தின் முன்னறிவிப்பைத் தேடும் வழக்கம் பரவியது. துயரக் கதைக்கு அது பொருந்தலாம். ‘கிரேஸ்’ தொகுப்பின் காமத்தையும் குறும்பையும் அது மறைத்துவிடுகிறது.

2008-ல் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியாளர் ஒருவர் ‘ஹல்லேலூயா’வைப் பாடியதும் பக்லியின் பதிவு பில்போர்டின் டிஜிட்டல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் இரண்டாமிடம். முதலிடத்தில் இருந்ததும் அதே பாடல், அலெக்சாண்ட்ரா பர்க் பாடியது.

அவரைப் பின்பற்றிய பிரிட்டிஷ் குழுக்கள் பலவும் உச்சக்குரலை எடுத்துக்கொண்டன, அடக்கத்தை விட்டுவிட்டன. இரண்டாம் தொகுப்புக்காக டாம் வெர்லைனுடன் செய்த பதிவுகளில் பக்லி நிறைவடையவில்லை. அவற்றை விட்டு மெம்ஃபிஸ் வீட்டில் தனியே புதிய மாதிரிப் பதிவுகள் செய்துகொண்டிருந்தார். 1998-ல் இரண்டும் சேர்ந்தே வெளிவந்தன. அவர் ஒதுக்கியதையும் தேடியதையும் ஒரே உறையில் கேட்க வேண்டியிருக்கிறது.