தலைப்பில்லாத பதின்மூன்று

புகழ்பெற்ற முதியவர் ஒருவர் இளைஞர்களுடன் சேர்ந்து வெளியிடும் இசைத்தட்டை நாம் சற்று ஐயத்தோடு கையில் எடுப்பதே வழக்கம். முதியவரின் பழைய வெற்றிகளுக்கு இளைஞர்கள் பக்கவாத்தியம் வாசித்து முடிப்பார்கள். இல்லையேல் இளைஞர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயன்று முதியவர் மூச்சு வாங்குவார். போலந்து நாட்டு ஜாஸ் கலைஞர் தோமாஷ் ஸ்தான்கோவின் ‘சோல் ஆஃப் திங்ஸ்’ (2002) இவ்விரு வகையிலும் அடங்காதது. அதனாலேயே அதையும் அதைத் தொடர்ந்த இரு தட்டுகளையும் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஸ்தான்கோ 1942-இல் பிறந்தவர். போலந்தில் ஸ்டாலின் காலத்து ஆட்சியாளர்கள் ஜாஸ் இசையைப் பகைத்தபோது அது வீடுகளுக்குள் ஒதுங்கி உயிர்வாழ்ந்தது. அந்நாட்டு இசை வரலாற்றில் அக்காலத்துக்குச் ‘சுரங்கக் கல்லறைக் காலம்’ என்றே பெயர். உரோமையின் சுரங்கக் கல்லறைகளில் கூடிய தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களை நினைத்து வைத்த பெயர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அத்தலைமுறைக்கு அடுத்து வந்த ஸ்தான்கோ, 1963 முதல் கிஷிஷ்தோஃப் கொமெதாவின் குழுவில் டிரம்பெட் வாசித்தார். கொமெதா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மருத்துவமனையில் உடன் பணியாற்றுவோர் அறியாதிருக்கவே புனைபெயரில் பியானோ வாசிக்கத் தொடங்கியவர். 1965-இல் அவர் பதிவு செய்த ‘அஸ்டிக்மாடிக்’ தட்டில் ஸ்தான்கோவுக்கு வயது 23. நான்கு ஆண்டுகளுக்குள் கொமெதா இறந்துபோனார்.

ஆசானை இளமையிலேயே இழந்தவர் எப்படி ஆசானாவது என்பதே இக்கதையின் உள்ளிருக்கும் கேள்வி என நமக்குத் தோன்றுகிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கட்டற்ற ஜாஸ் இசையின் தீவிரவாதியாக இருந்தார். 1980-இல் நம் நாட்டுக்கு வந்து தாஜ் மகாலிலும் மராட்டியத்துக் கார்லா குகைகளிலும் தனியே நின்று டிரம்பெட் வாசித்துப் பதிவு செய்த துணிவு அவருடையது. போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார். 1990-களில் பற்களை இழந்தார். ஊதுகருவிக் கலைஞனுக்குப் பல் போவது, வயலின் கலைஞனுக்கு விரல் போவது போன்றது. உதடுகளை ஊதுவாயில் பொருத்தும் முறையை, நீண்ட தனிச்சுரங்களைச் சலிப்பின்றி ஊதிப் பழகி, அவர் மீண்டும் முதலிலிருந்து கற்றார்.

அந்நாள்களில்தான் அவர் அருகே மூன்று சிறுவர்கள் வந்து சேர்ந்தார்கள். சிறுவர்கள் என்பது மிகையன்று. பியானோ கலைஞர் மார்ச்சின் வசிலெவ்ஸ்கியும் டபுள் பேஸ் கலைஞர் ஸ்வாவோமிர் குர்கியெவிச்சும் கோஷாலின் நகரின் இசைப்பள்ளித் தோழர்கள். டிரம்ஸ் கலைஞர் மிஹாவ் மிஷ்கியெவிச் இருவருக்கும் இளையவர். மூவரும் 1990-களின் முற்பகுதியிலிருந்தே அவரோடு மேடையேறினார்கள். ஆனால் ஈசிஎம் நிறுவனத்துக்காக அவர் அந்தப் பத்தாண்டில் செய்த பதிவுகளில் வேறு நாட்டு மூத்த கலைஞர்களே உடனிருந்தனர். மூவரையும் ஆஸ்லோ நகரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர் அழைத்துச் சென்றது 2001 ஆகஸ்டில். இடையில் கழிந்த ஏழெட்டு ஆண்டுகள், நம் குருமாணவர்களின் மெய்யியல், இறையியல் பயிற்சிக் காலத்தை ஒத்த நீளம். அக்காலம் வீண்போகவில்லை என்பதைத் தட்டின் முதல் சில நிமிடங்களே உணர்த்துகின்றன.

பதின்மூன்று உருப்படிகள். எதற்கும் தனித் தலைப்பில்லை. ‘மாறுபாடு’ என்ற சொல்லும் வரிசை எண்ணும் மட்டுமே. எதன் மாறுபாடு? மூலப் பண் எங்கும் வாசிக்கப்படவில்லை. சொல்லப்படாத ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் நால்வரும். இறைவனை ‘இன்னதன்று, இன்னதன்று’ என விலக்கியே நெருங்கிய நீசா நகர்ப் புனித கிரகோரி போன்ற தந்தையரின் வழியை இறையியல் பயின்றோர் இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. ஆயினும் இதை மறையுரையாக்கிவிட நமக்கு விருப்பமில்லை. ஸ்தான்கோ ஆலய இசைஞர் அல்லர். அவர் இசையில் இருப்பது ஏக்கம், தேடல், நள்ளிரவு நகரத்துத் தனிமை. ஒலி பிறப்பதற்கு முன்பே மூச்சு கேட்கிறது. சுரத்தின் விளிம்பு சற்றே கிழிந்திருக்கிறது. பழுதுபட்டுச் செப்பனிடப்பட்ட வாயிலிருந்து வரும் ஒலி அது.

குறையையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் இத்தட்டில் தாளகதி ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கிறது. மூன்று, நான்கு உருப்படிகளைக் குறைத்திருந்தால் மற்றவை இன்னும் ஓங்கி நின்றிருக்கும். 2004-இல் வந்த ‘சஸ்பெண்டட் நைட்’ அதே முறையில் அமைந்தது. அழகு கூடியிருக்கிறது, அபாயம் கூடவில்லை. இளைஞர்களின் இனிமை பழைய கலகக்காரரை மழுங்கச் செய்துவிட்டது என்று கருதுவோர் இவ்விரண்டோடு நிறுத்திக்கொண்டால் அவர்கள் பக்கம் ஓரளவு நியாயம் உண்டு.

2006-இல் வந்த ‘லொன்டானோ’ அவர்களுக்கு விடை. முன்னேற்பாடு ஏதுமின்றிக் கூடத்திலேயே பிறந்த மூன்று நெடும் உருப்படிகள் அத்தட்டின் தூண்கள். கட்டற்ற இசையின் பழைய நிலத்துக்கு முதியவர் திரும்புகிறார். கூட்டிச் செல்பவர்கள் இளைஞர்கள். வசிலெவ்ஸ்கி ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளும் இடங்களைக் கவனியுங்கள். மிஷ்கியெவிச் தாளத்தை அடித்துக் காட்டுவதில்லை. சிம்பலின் உரசலில் அதை உணர்த்திவிட்டு ஒதுங்குகிறார். அந்த வெற்றிடத்தில்தான் டிரம்பெட் நுழைகிறது.

அதே தட்டில் கொமெதாவின் ‘கட்டோர்னா’ இருக்கிறது. 23 வயதில் ஆசானின் அருகே நின்று வாசித்ததை 63 வயதில் மாணவர்களின் நடுவே நின்று வாசிக்கிறார். மாணவர்களும் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர். கொமெதாவின் இசையை 1995-இலேயே தங்கள் முதல் தட்டாக்கியவர்கள். கொமெதாவை அவர்கள் கண்டதில்லை. முதியவரிடம் இருந்தது நினைவு. அவர்களிடம் இருந்தது வாசிப்பு. எவர் எவருக்குக் கொடுத்தார் என்று பிரிக்க இயலாதபடி நான்கு பேரும் அதை வாசிக்கிறார்கள்.

இத்தகைய உறவைப் பேசும்போது திருமுழுக்கு யோவானை மேற்கோள் காட்டி, தாம் குறைந்து பிறர் வளர வழிவிட்ட பெருந்தன்மை என்று முடித்துவிடுவது நம்மைப் போன்றோருக்கு எளிது. இங்கே அது பொருந்தாது. ஸ்தான்கோ குறையவே இல்லை; டிரம்பெட் கடைசிவரை முன்னால்தான் நிற்கிறது. நமக்கு நினைவுக்கு வருபவர் குரு ஏலி. அழைக்கும் குரல் அவருக்குக் கேட்கவில்லை, சிறுவன் சாமுவேலுக்கே கேட்டது. ஆனால் அது எவருடைய குரல் என்று உணர்ந்து, எப்படி மறுமொழி கூறவேண்டும் என்று கற்பிக்க ஏலியால் மட்டுமே முடிந்தது. பங்குப் பணியில் இளைய குருக்களோடு வாழ்ந்தவர்களுக்கு இவ்விடம் சற்று உறுத்தும். முன்னால் நிற்பதையே வழிநடத்துவதாக எண்ணிக்கொள்ளும் முதியோர் நம்மில் உண்டு, வழிவிடுவதாகச் சொல்லிப் பொறுப்பைக் கைகழுவுவோரும் உண்டு.

மூவரும் 2005-இல் முதியவர் இல்லாமலே ஈசிஎம்மில் தங்கள் தட்டை வெளியிட்டனர். ‘டிரியோ’ என்று மட்டுமே அதற்குப் பெயர். ஸ்தான்கோ பின்னர் வடநாட்டு இளைஞர்களோடும் நியூயார்க் கலைஞர்களோடும் வேறு குழுக்கள் அமைத்து, 2018 ஜூலையில் இறந்தார். 2004 செப்டம்பரில் மியூனிக் நகரில் பழைய நால்வரும் நிகழ்த்திய கச்சேரி, ‘செப்டம்பர் நைட்’ என்ற பெயரில் 2024-இல் தட்டாக வந்துள்ளது. ஒலிப்பதிவுக் கூடத்தின் அடக்கம் அங்கே இல்லை. முதியவர் முரட்டுத்தனமாகவே வாசிக்கிறார், இளைஞர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் கேட்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்கலாம்.