சோளகத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் வரிசை

வன்னியில் மலை இல்லை. வற்றாப்பளையிலிருந்து எந்தப் பக்கம் ஹாண்டிலைத் திருப்பினாலும் தரை மட்டமாகத்தான் கிடக்கும். குளக்கட்டு ஒன்றிரண்டைத் தவிர மூச்சு வாங்கவைக்கிற ஏற்றம் கிடையாது. "அப்ப சைக்கிள் ஓட நல்ல இடம்" என்பார்கள் வெளியூர்க்காரர். வைகாசிப் பொங்கல் முடிந்து, கண்ணகி அம்மன் கோயிலடியில் கடைக் கொட்டில்களைப் பிரித்த பிறகு, ஒரு காலை மாங்குளம் பக்கமாக அவர்களை உழக்கிப் பார்க்கச் சொல்லவேண்டும். புறப்படும்போது இலேசாக இருந்த சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று ஒட்டுசுட்டான் தாண்டுவதற்குள் நேரெதிரே வந்து நிற்கும். மலை ஏறினவருக்கு மறுபக்கம் இறக்கம் உண்டு. சோளகம் ஆவணி போனாலும் முழுதாக ஓயாது.

குழுவாகச் சைக்கிள் ஓடுவதன் அழகு இந்தக் காற்றை வைத்துப் பார்த்தால்தான் புலப்படும். சென்னையில் ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் நோக்கிப் போகும் கூட்டங்களைப் பார்க்கிற பலர், பளபளக்கும் சைக்கிளையும் உடம்போடு ஒட்டிய உடுப்பையும் கண்டு, பணக்காரரின் பொழுதுபோக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உடுப்பை விடுங்கள். ஒருவரின் பின்சில்லுக்கும் அவருக்குப் பின்னால் வருபவரின் முன்சில்லுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். நெடுநாள் சேர்ந்து ஓடியவர்கள் ஒரு முழம் விட்டு வருவார்கள். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு சைக்கிள் நீளம் விடுவார், விடவும் வேண்டும். அந்த இடைவெளியைக் கொண்டே யார் யாரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

கணக்கு எளியது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் போகிறவர் 30 ஆக்க நினைத்தால், காற்றுக்காக மட்டும் மூன்று மடங்குக்கு மேல் உழைக்கவேண்டும். எதிர்க்காற்று அடித்தால் 20 இலேயே அந்தப் பாடு. இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்கோ உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். 2018 இல் பேர்ட் புளொக்கன் என்ற பொறியியலாளரின் குழு 121 ஓட்டிகள் கொண்ட போட்டிக் கூட்டமொன்றைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்து ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவருக்கு, தனியே ஓடுபவருக்கு உள்ள தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். நம்மிடம் 121 பேர் இல்லை. ஆறு பேர் போதும்.

ஆறு பேர் என்றால் முன்னால் நிற்பதை முறைபோட்டுப் பகிரவேண்டும். ஒருவர் இரண்டு மூன்று நிமிடம் காற்றை வாங்கிக்கொண்டு போவார். பிறகு பக்கவாட்டில் விலகி, உழக்கும் வேகத்தைச் சற்றுக் குறைத்து, வரிசையின் வாலில் வந்து ஒட்டிக்கொள்வார். இதைப் பார்க்கும்போது விலகுகிறவரைக் காட்டிலும், முன்னுக்கு வருகிறவரைக் கவனியுங்கள். தன் முறை வந்ததும் ஒரு உந்து உந்துகிறாரா? இளவட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். பின்னால் களைத்தவர் கழன்றுபோவார், வரிசை அறும். தேர்ந்தவர் முன்னுக்கு வந்தது பின்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. வேகம் மாறாது. முதுகு மட்டும் மாறியிருக்கும்.

காதுக்கும் வேலை இருக்கிறது. உழக்குவதை நிறுத்தினால் பிறீவீல் கிறுகிறுவென்று சத்தம் போடும். ஒரு வரிசை உங்களைக் கடக்கும்போது அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டால், யாரோ விட்டு விட்டு உழக்குகிறார்கள், பின்னால் உள்ளவர்கள் பிரேக் பிடித்துப் பிடித்துச் சாகிறார்கள் என்று அர்த்தம். இசைந்த வரிசையில் செயினின் ஒரே சீரான இரைச்சல் மட்டும் வரும். இடையிடையே முன்னாலிருந்து ஒரு சொல் புறப்பட்டு ஆளுக்காள் பின்னோக்கிப் போகும்: "குழி!" "மாடு!" "நெல்லு!" கடைசிச் சொல் நம் ஊருக்கே உரியது. காலபோக அறுவடை நாட்களில் காப்பெற் வீதியில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் மெல்லிய ரயர் ஏறினால் வழுக்கும். ஏறுவது மரியாதையும் இல்லை.

இனிப் பக்கக்காற்று. சோளகக் காலத்துக்கென்றே அமைந்த சுற்று ஒன்று இங்கே இருக்கிறது: வற்றாப்பளையிலிருந்து முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக ஏ-34 வீதியில் மாங்குளம், அங்கிருந்து ஏ-9 இல் வடக்கே முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், பிறகு ஏ-35 இல் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, கடைசியாகக் கேப்பாப்பிலவு வழியே வீடு. ஏறக்குறைய 130 கிலோமீற்றர். முதல் 45 கிலோமீற்றர் தென்மேற்கு நோக்கியது, காற்று முகத்தில். அங்கே ஒற்றை வரிசையாக முதுகுக்கு நேர்பின்னால் ஒளிந்துகொள்ளலாம். மாங்குளத்தில் வடக்கே திரும்பியதும் காற்று இடது பின்பக்கத்துக்குப் போய்விடும். திடீரென்று எல்லோருக்கும் பேச்சு வரும்.

பரந்தனில் கிழக்கே திரும்பிய பின்தான் குழுவின் குணம் தெரியும். இப்போது சோளகம் வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. முன்னவரின் நேர்பின்னால் நின்றால் பாதுகாப்புக் குறைவு. காற்று மறைவு அவரின் இடப்பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி இருக்கிறது. ஆகவே வரிசை சாய்கோடாக விரியவேண்டும். நாம் வீதியின் இடப்பக்கம் போகிறவர்கள். முன்னால் நிற்பவர் தார் ஓரத்தை ஒட்டிக்கொண்டே போனால் அவரின் இடப்பக்கத்தில் கிறவலும் புல்லும்தான் இருக்கும். பின்னால் உள்ள ஒருவருக்கும் மறைவு கிடையாது. போட்டிகளில் எதிராளியைக் களைக்கவைக்க வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் முன்னவர், பின்னால் வாகனம் இல்லையென்று பார்த்துக்கொண்டு, அரை மீற்றர் வலப்பக்கம் விலகி ஓடுவார். அந்த அரை மீற்றரில் இரண்டு பேர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஒருவர் நல்ல ஓட்டியா என்று அறிய அவரின் கால் தசையைவிட இந்த விலகலையே நான் பார்ப்பேன். ஏ-9 இல் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அங்கே மறைவு வலப்பக்கம் விழும். அது லொறியும் யாழ்ப்பாண பஸ்ஸும் போகிற பக்கம். பேசாமல் ஒற்றை வரிசையில் போவதுதான் புத்தி.

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக் கொறிப்பது இந்த வீதியின் வழக்கம். சைக்கிள்காரருக்கு அது தேவையும்கூட. இரண்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 60 கிராம் அளவில் மாச்சத்து உள்ளே போகவேண்டும் என்பது விளையாட்டு உணவியலார் கூறும் பொதுவான கணக்கு. கடையில் விற்கிற ஜெல் பைக்கற்றைத் தேடி அலையவேண்டியதில்லை. இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் அதைத் தரும்; எள்ளுப்பாகு சட்டைப்பையில் நசியாமல் கிடக்கும். கச்சான் கொழுப்பு மிகுந்தது, மெல்லத்தான் சமிக்கும். அதை ஆசைக்குத் தின்னலாம், அடுத்த மணிநேரத்துக்கு நம்பமுடியாது. பசி வந்த பிறகு தின்கிறவர் பிந்திவிட்டார். வெயிலில் வியர்வையோடு உப்பும் போவதால் மோருக்கு உப்புப் போட்டுக் குடியுங்கள்.

130 கிலோமீற்றர் என்றதும் மலைக்கிறவர்கள் உலகத்தில் இதைச் சின்ன ஓட்டமாகக் கருதுகிறவர்கள் இருப்பதையும் அறியவேண்டும். 1891 இல் பியர் ஜிஃபார் என்ற பத்திரிகை ஆசிரியர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீற்றர் பந்தயம் ஒன்றை வைத்தார். சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வந்து வென்றார். பந்தயம் பின்னாளில் நின்றுபோனது. அந்த 1200 கிலோமீற்றர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 90 மணிநேர எல்லையோடு, பரிசு இல்லாத ஓட்டமாகத் தொடர்கிறது. இந்தியாவிலிருந்தும் இப்போது நூற்றுக்கணக்கில் போகிறார்கள். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீற்றர் ஓட்டங்களை அந்தப் பருவத்தில் முடித்திருக்கவேண்டும். 200 க்கு 13 மணி 30 நிமிடம், 600 க்கு 40 மணிநேரம். சென்னையில் மெட்ராஸ் ரான்டனர்ஸ் போன்ற குழுக்கள் இவற்றை நடத்துகின்றன. வழியிலுள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். முதலாவதாக வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே அங்கீகாரம், தரவரிசை கிடையாது.

இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்றில் எல்லோரும் ஒரு தலைவரின் கீழ், மணிக்கு 22.5 கிலோமீற்றர் என்ற வேகத்தில், முந்தாமல் பிந்தாமல் சேர்ந்தே போகவேண்டும். 1904 இல் ஆன்றி தெகிராஞ்சால் பிரான்சில் தொடங்கியது அது. 1921 இலிருந்து வளர்ந்த மற்றதில் அவரவர் வேகம் அவரவருக்கு. உலகம் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டது. என் விருப்பம் முதலாவது. 22.5 என்பது திடமான ஒருவர் லுமாலா சைக்கிளில் காற்றில்லாத காலையில் எட்டிவிடக்கூடிய வேகம். அதைப் பத்து மணிநேரம் கூட்டாகக் காப்பாற்றுவது வேகமாக ஓடுவதைவிடக் கடினம்.

எங்கள் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். போரின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. வன்னியில் சைக்கிள்தான் லொறி, அம்புலன்ஸ், விறகு வண்டி. கிளாலியில் வள்ளத்தில் சைக்கிளை ஏற்றிக் கடல் கடந்து வந்து, மறுகரையில் இறங்கி உழக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வீர விளையாட்டாக்கிப் பேசுவது எனக்கு உவப்பில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். ஆனால் அவர்களின் நுட்பம் இன்றைக்கும் உதவும். பற்றரிக்கும் தடை இருந்ததால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். இன்று 1200 கிலோமீற்றர் ஓடுகிறவர்கள் முன்சில்லின் குடத்துக்குள் டைனமோ பூட்டி, அதிலிருந்து லைற்றும் கைத்தொலைபேசியும் இயக்குகிறார்கள். வேலை ஒன்றுதான். 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடே சைக்கிளைத் தேடியபோது, மூலையில் கிடந்த பழைய ஹம்பரையும் றலியையும் துடைத்தெடுக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

புலம்பெயர்ந்தவர்களின் நீண்டதூர ஓட்டமும் ஒன்றுண்டு. நந்திக்கடலின் மறுகரையில் 2009 இல் போரின் முடிவில் நடந்தவற்றுக்கு நீதி கேட்டு, மாசி பங்குனிக் குளிரில் பிரித்தானியா, நெதர்லாந்து, பெல்ஜியம் வழியாக ஜெனீவா ஐ.நா. முன்றல் வரை ஆண்டுதோறும் சைக்கிளில் போகிறார்கள். அங்கே அதற்கு ஈருருளிப் பயணம் என்று பெயர். அதில் வருகிற பலர் கழக ஓட்டிகள் அல்லர். வழியிலுள்ள நகர மன்றங்களில் இறங்கி மனுக் கொடுப்பதால் தூரத்தை ஓய்வும் பேச்சும் பங்குபோடுகின்றன. குழு ஓட்டத்தின் நோக்கம் வேகமாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓடாதவரும் இதை ரசிக்கலாம், நிற்குமிடத்தைச் சரியாகத் தெரிந்தெடுத்தால். புறப்படும் இடத்தில் நிற்காதீர்கள். அங்கே எல்லோரும் அழகாகத்தான் இருப்பார்கள். விசுவமட்டில், நூறு கிலோமீற்றர் தொடும் இடத்தில், ஒரு தேநீர்க் கடை வாங்கில் இருந்து பிளேன்ரீயோடு பாருங்கள். தோள் இறுகியிருக்கிறதா, முழங்கை தளர்ந்திருக்கிறதா, முழங்கால் வெளியே அகல்கிறதா? பிறகு வரிசை முழுதும் போனபின் எழும்பிவிடாமல் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். ஒருவர் கழன்று பின்னால் வருவார். அவரோடு இன்னொருவர் வருகிறாரா என்பதை வைத்து அது குழுவா, ஒரே பாதையில் போகிற தனியாட்களா என்று தீர்மானிக்கலாம். நல்ல குழுக்களில் கடைசி ஆளாக வருகிறவர் பெரும்பாலும் அங்கேயே பலசாலி. ஒட்டுச்சாமானும் பம்பும் அவரிடம்தான் இருக்கும்.

சேர்ந்து ஓட நினைக்கிறவர் முதல் ஞாயிறே சுற்று முழுவதையும் தொடவேண்டாம். ஒட்டுசுட்டான் வரை போய்த் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் தண்ணீர் குடித்துத் திரும்பினால் ஐம்பது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். போகும்போது காற்று எதிரே, வரும்போது முதுகில். களைத்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆசனத்தைச் சரியான உயரத்துக்கு ஏற்றுங்கள்: குதிக்காலைப் பெடலில் வைத்தால் அடிநிலையில் முழங்கால் நீண்டுவிடவேண்டும். விடியும்போது, வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். மாங்குளம் வீதியில் இருட்டோடு யானை வரும். கார்த்திகை மார்கழி மாரியில் இந்தப் பக்கமே வேண்டாம், தண்ணீர் வீதியை மூடினால் குழி தெரியாது. தையும் மாசியும் வாய்ப்பான மாதங்கள். அப்போது சோளகம் இல்லாததால் முன்னால் யார் நிற்பது என்ற பிரச்சினையும் குறைவு, அதனால் ஓட்டம் கொஞ்சம் சப்பென்றும் இருக்கும்.