அடுப்பு விற்றவளின் கணக்கு

புகை குறைந்த அடுப்பை வீடு வீடாக விற்கும் கிராமத்துப் பெண்ணின் படம் இல்லாமல் இப்போது எந்த வளர்ச்சி விருது விழாவும் நடப்பதில்லை. கையில் புது அடுப்பு, முகத்தில் சிரிப்பு, படத்தின் கீழே ‘தொழில்முனைவோர்’ என்ற பட்டம். சமையலறைப் புகை ஒழியும், பெண்ணுக்கு வருமானம் வரும், காடு பிழைக்கும், கார்பனும் குறையும் என்று நான்கு நன்மைகளை ஒரே திட்டத்தில் அடுக்குகிறார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள செமாய் பூர்வகுடிக் கிராமங்களுக்கும் இதைக் கொண்டுவரலாம் என்று இங்கேயும் சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொண்டுவருவதற்கு முன், இதே திட்டம் வேறு இடங்களில் என்ன ஆனது என்று பார்த்துவிட வேண்டும்.

புகை கொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வீட்டுக்குள் எரியும் விறகும் வறட்டியும் கரியும் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தெரியாத விற்பனையாளர் வாசலில் வந்து நிற்பதைவிடத் தெரிந்த பெண் வந்தால் வீட்டுக்காரி காது கொடுப்பாள், அதுவும் உண்மை. விலைக்கு விற்பதற்கும் காரணம் உண்டு. 1980களில் இந்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டம், கோடிக்கணக்கில் அடுப்பு கட்டிய கணக்கைக் காட்டிவிட்டு 2002இல் நின்றுபோனது. மானியத்தில் கட்டிக்கொடுத்தவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். விரிசல் விட்ட அடுப்பைப் பார்க்க ஆளில்லை. விலைக்கு விற்றால்தான் பொறுப்பு வரும் என்ற வாதம் பிறந்தது அந்தத் தோல்வியிலிருந்துதான். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நெடுநாளாக என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அடுப்பு ஒரு முறை விற்கும் பொருள். இருநூறு வீடுள்ள ஊரில் பாதிப் பேர் வாங்கினாலே பெரிய வெற்றி. நூறு அடுப்பு விற்று முடிந்த மறுநாள் அந்தப் பெண் எதை விற்பாள்? பக்கத்து ஊருக்குப் போனால் அங்கே வேறொரு ‘தொழில்முனைவோர்’ இருப்பாள். அடுப்பில் கிடைப்பது ஒரு தடவைத் தரகு. மாதா மாதம் சோறு போடுவது எரிபொருள். அந்த எரிபொருள் அவள் கையில் இருக்கிறதா என்று விருது கொடுப்பவர்கள் கேட்பதே இல்லை.

இதற்கு ‘ஊர்ஜா’ அடுப்பைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு, பிபி எண்ணெய் நிறுவனத்தின் முதலீடு, மகாராஷ்டிரத்தில் சுவயம் சிக்ஷன் பிரயோக் போன்ற தொண்டு நிறுவனங்கள் வழியே முகவர்களாக வந்த கிராமப் பெண்கள் என எல்லாம் கூடிவந்த திட்டம் அது. ஏழைகளைச் சந்தையாகப் பார்க்கச் சொன்ன கோயம்புத்தூர்க்காரர் சி. கே. பிரகலாத்தின் கொள்கை அப்போது உச்சத்தில் இருந்தது. அடுப்பும் நல்ல அடுப்புதான். வேளாண் கழிவை அழுத்திச் செய்த பெல்லட்டை உருளைக்குள் நிரப்பி, மேலே துளி மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைத்தால், மின்கலத்தில் ஓடும் சின்ன விசிறி காற்றை ஊத, தீ மேலிருந்து கீழாக இறங்கி எரியும். குமிழைத் திருப்பித் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம். 2006 முதல் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது.

மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 998 வீடுகளில் பின்னர் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். அடுப்பை வாங்கியவர்களில் 9 சதவீத வீடுகளே அதை இன்னும் எரித்துக்கொண்டிருந்தன. அடுப்பைக் கவிழ்த்தது பெல்லட். கழிவு என்று நினைத்த கரும்புச் சக்கைக்குக் கொதிகலன் வைத்திருக்கும் ஆலைகளும் போட்டி போட்டன. போட்டி வந்ததும் கழிவுக்கு விலை வந்தது; பெல்லட் விலை ஏறியது. இன்னொன்றும் தெரிந்தது. அடுப்பை அதிகம் வாங்கியவர்கள் புகையில் இருமிய வீட்டினர் அல்லர். ஏற்கனவே கேஸ் வைத்திருந்து செலவைக் குறைக்க நினைத்தவர்கள். பிபிக்குப் பின் அதை நடத்திய ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம், கடைசியில் உணவகங்களையும் தொழிற்கூடங்களையும் நாடிப் போனது.

நிறுவனத்துக்குப் போக இன்னொரு சந்தை இருந்தது. முகவரான பெண்ணுக்கு? அவள் விற்றது அத்தைக்கும் நாத்தனாருக்கும் குழுவில் கூடச் சீட்டுப் போடுபவளுக்கும். பெல்லட் வராத நாளில் அவர்கள் தலைமை அலுவலகத்தைத் தேடிப் போவார்களா? இவள் வாசலுக்குத்தான் வருவார்கள். ‘உன்னை நம்பித்தானே வாங்கினோம்’ என்ற சொல்லுக்கு எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் இடமில்லை. நிறுவனம் நட்டத்தை எழுதித் தள்ளலாம். ஊருக்குள் வாழ வேண்டியவள் எதை எழுதித் தள்ளுவாள்? நிர்வாகப் பிழையால் வந்த வினை, கொள்கை சரியே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் கச்சாப் பொருளின் விலையும் வரத்தும் தன் கையில் இல்லாத ஒருத்தியை முதலாளி என்று அழைப்பதே பிழை. சரக்குக்குப் பணம் கட்டுபவள் அவள், விலை வைப்பவர் வேறொருவர். இதற்குப் பெயர் தரகுக்கு வேலை பார்ப்பது. அப்படியே சொல்லி, மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

அடுப்பில் பிழைப்பே இல்லை என்று சொல்லவில்லை. இலங்கையில் 1980களில் உருவான ‘அனகி’ சுடுமண் அடுப்பு இன்றும் விற்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குயவர்கள் வனைகிறார்கள். அங்கே யாரையும் புதிதாகத் தொழில்முனைவோர் ஆக்கவில்லை. சக்கரமும் சூளையும் களிமண்ணும் அவர்களிடமே இருந்தன. பானை எடுத்துப்போகும் வியாபாரியே அடுப்பையும் எடுத்துப்போனார். எரிப்பது வீட்டில் கிடைக்கும் அதே விறகு. சில வருடத்தில் உடையும். உடைந்தால் இன்னொன்று வாங்குவார்கள். உடைவதால்தான் குயவருக்குத் தொழில் நிற்கிறது. புகை முழுதாகப் போகாது, விறகுச் செலவு குறையும், அவ்வளவுதான். பெரிய வாக்குறுதி எதுவும் இல்லாத இந்த அடுப்புதான் நிலைத்திருக்கிறது.

இப்போது புதிதாகக் கார்பன் கணக்கு வந்திருக்கிறது. எரிபொருளில் விழுந்த ஓட்டையை, குறைத்த கார்பனுக்குக் கிடைக்கும் ‘கார்பன் வரவை’ விற்ற பணத்தால் அடைக்கலாம் என்கிறார்கள். அடுப்புத் திட்டங்களின் கார்பன் வரவுகள் உண்மையைவிடச் சுமார் 9 மடங்கு ஊதிக் காட்டப்பட்டவை என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் கண்டறிந்தார்கள். அடுப்பு எவ்வளவு எரிகிறது என்பதை மிகைப்படுத்திக் கணக்கிட்டது ஒரு முக்கியக் காரணம். ஊர்ஜாவின் 9 சதவீதத்தை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். கேமரன் மலைத் தோட்டங்களின் லயங்களில் ஒரு காலத்தில் கவாத்துக் குச்சியும் காட்டு விறகும்தான் எரிந்தன. அந்தப் புகையை ஓட்டியது வாசலுக்கு வந்த அடுப்பு வியாபாரம் அல்ல. அரசு மானியத்தில் கிலோ 1 வெள்ளி 90 சென்னுக்கு, 14 கிலோ உருளை 26 வெள்ளி 60 சென்னுக்குக் கிடைத்த கேஸ்தான் ஓட்டியது. அதில் பிழைப்பும் பிறந்தது: மளிகைக்கடைக்காரர் உருளை வைத்து விற்கிறார், லோரிக்காரர் ஏற்றி வருகிறார், வீட்டுக்குத் தூக்கிப்போய் மாட்டுபவருக்குக் கூலி தனி. தீர்ந்தால் மறுபடி கூப்பிடுகிறார்கள். மானியம் அரசின் மேல் பெரிய சுமை என்பதும் சரிதான். ஆனால் அந்தச் சுமை அரசின் தோளில் இருக்கிறது, ஒரு செமாய் பெண்ணின் தோளில் இல்லை.

செமாய் கிராமங்களுக்கு அடுப்பு கொண்டுவர விரும்புகிறவர்கள் மூன்று உறுதிகளை எழுத்தில் தரட்டும்: விற்காத சரக்கைத் திரும்ப எடுப்போம், எரிபொருள் விலையை ஐந்து ஆண்டுக்கு ஏற்ற மாட்டோம், அடுப்பு பழுதானால் அதை வாங்கியவரிடமே பணத்தை நாங்கள் நேரில் திருப்பித் தருவோம். தர முடியாதென்றால், மானிய உருளை மண் பாதையைத் தாண்டி அந்த வீடுகளுக்கு அதே விலையில் போய்ச் சேர லோரிக் கூலியைக் கொடுங்கள்.