எத்தனை எக்ஸ் ஜூம்?

கேமரா வாங்கப் போவதாக யார் சொன்னாலும் மீஞ்சூர்ப் பக்கம் முதலில் கேட்பது "ஜூம் எவ்வளவு வரும்?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பொன்னேரி வழியாகப் போனாலும் காட்டூர் வழியாகப் போனாலும் பழவேற்காடு ஏரி பக்கம்தான். குளிர்காலம் வந்தால் ஏரியில் பூநாரைகள் இறங்கிவிடும். ஞாயிறு காலைகளில் சென்னைக் கார்களிலிருந்து முழங்கை நீள லென்ஸ்கள் இறங்கும். அதைப் பார்த்து வளர்ந்த பையன் கையில் 50,000 ரூபாய் சேர்ந்ததும் வேறு எதைத் தேடுவான்?

இந்தப் பட்ஜெட்காரர்களுக்கு அனுபவசாலிகள் காலங்காலமாகச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. பாடியில் மிச்சம் பிடி, லென்ஸில் காசைப் போடு, முடிந்தால் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் வாங்கு. யோசனை நல்லதுதான். ஆனால் நல்ல லென்ஸ் என்பதை நீளமான லென்ஸ் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பேருடைய காசு கரைகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய பூநாரை நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 1.3 மீட்டர். 300 மீட்டர் தள்ளி மேயும் பறவையை 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சென்சாரில் அதன் உயரம் 1.3 மி.மீ. இந்த விலைக் கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15.6 மி.மீ. ஆக, பறவை படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பட்ஜெட்டையே விழுங்கும் 600 மி.மீ. லென்ஸ் போட்டாலும் ஆறில் ஒரு பங்குதான். கிட்டே போகலாம் என்றால் ஏரி ஆழம் குறைந்தது, படகு சேற்றில் தட்டும். சிலர் படகை வேண்டுமென்றே கூட்டத்துக்குள் விரட்டச் சொல்லி, பறவைகள் எழும்பியதும் கிளிக்குகிறார்கள். இரை தேட வந்த பறவையைப் பட்டினி போட்டு எடுக்கும் அந்தப் படத்துக்கு லைக் குவிவது தனிக் கொடுமை.

இங்கேதான் நிக்கான் பி900 போன்ற கேமராக்கள் ஆசை காட்டுகின்றன. 2015-ல் வந்த அதில் 83 எக்ஸ் ஜூம், லென்ஸ் கழற்றும் தொல்லை இல்லை. அதே பூநாரை படத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்துவிடும். கேலி செய்ய வேண்டிய கருவி அல்ல அது. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு மாதிரி வேலைகளில், தூரத்து உள்ளான் எந்த இனம் என்று உறுதிசெய்ய அது போதும். அந்த ஜூமுக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியில் பதின்மூன்றில் ஒரு பங்கு. வெளிச்சம் குறைந்ததுமே படம் குருணை குருணையாகிவிடும். பறக்கும் பறவை மேல் ஃபோகஸ் பிடிப்பதற்குள் பறவை போய்விடும். வெயில் ஏறிய பிறகோ சேற்றுத் திட்டின் மேல் கானல் ஆடும். அப்போது லட்ச ரூபாய் லென்ஸும் அதே கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

பறவையை விட்டு ஊருக்குள் வந்தால் கணக்கே வேறு. விடிவதற்கு முன், ஒற்றை பல்பின் கீழே பெண்கள் இறால் தரம் பிரிக்கிறார்கள். விரல்கள் நிற்பதே இல்லை. கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். கிட் லென்ஸில் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கி விரல்கள் கரைந்துபோகும் இடத்தில், பிரைமில் 1/125 கிடைக்கிறது. ஒவ்வொரு விரலும் தெரியும். 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள்தான் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்தவற்றில் சேர்த்தி என்பது வேடிக்கை. ஜூம் இல்லை என்பதால் யாரும் முதலில் கேட்பதில்லை.

மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், 2013-ல் கடன்பட்டு வாங்கிய முதல் கேமரா நிக்கான் டி5200, கூட 55–200 மி.மீ. லென்ஸ். எளிய கூட்டணிதான். பின்னாளில் 'பாரி' இணைய இதழுக்காக, கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களை அவர் படமெடுத்தார். ஓலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி நீருக்குள் நகரும் முகங்கள் அவை. கரையிலிருந்து எட்டிப் பிடிக்கும் ஜூமுக்கு அந்த முகங்கள் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி செகண்ட் ஹேண்ட் சமாச்சாரம். எல்லோரும் மிரர்லெஸுக்குத் தாவுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிந்துவிட்டன. ஆனால் செகண்ட் ஹேண்டில் இரண்டு பள்ளங்கள். ஒன்று பொருத்தம். நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. 'டி' லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். டி7200-ல் மோட்டார் உண்டு. நிறுவனம் வரிசையையே கைவிடும் ஆபத்தும் இருக்கிறது. கேனான் 2012-ல் தொடங்கிய இஓஎஸ் எம் என்ற மிரர்லெஸ் வரிசையே 2023-ல் முடிந்தே போனது.

இன்னொன்று இந்தக் கடற்கரைக்கே உரியது. எல்லோரும் ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்று கேட்கிறார்கள். டி7200-ன் ஷட்டர் 1,50,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது, அது சீக்கிரம் தேயாது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்பவர்கள்தான் குறைவு. துளையை முழுக்கத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்தால் நூல் நூலாகத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நம் வீட்டுக்கு வந்த பிறகும் உப்புக்காற்றும் ஈரமும் சும்மா இருக்காது. ஏரியிலிருந்து திரும்பியதும் இலேசாக நனைத்த துணியால் உப்பைத் துடைத்து உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். பீரோவுக்குள் தோல் பையோடு பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு வசதி.

என்னைக் கேட்டால், டி7200 தரத்தில் ஒரு பழைய பாடி, 35 மி.மீ. எஃப் 1.8, காசு மிஞ்சினால் 70–300. பூநாரை ஆசையை விட முடியாதவர்கள் சீசனில் ஒரு நாள் 150–600 மி.மீ. லென்ஸைச் சென்னையில் வாடகைக்கு எடுக்கலாம். ஆண்டில் மிச்ச நாளெல்லாம் அதற்கு இங்கே வேலை இல்லை.